விண்டோஸுக்காகச் செய்த மடிக்கணினியில் லினக்ஸ்: எதைப் பார்த்த பிறகு கை வைப்பது?

கிள்ளானிலிருந்து ஒரு வாசகி கேட்டது:

"மகளின் மடிக்கணினி இன்டெல் ஏழாம் தலைமுறை ஐ5. விண்டோஸ் 10-க்கான ஆதரவு இந்த மாதம் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏறாது என்று திரையிலேயே வருகிறது. கடையில் புதிது வாங்கச் சொல்கிறார்கள். என் தம்பி, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போடலாம் என்கிறான். அவனுடைய நண்பரோ, விண்டோஸுக்காகவே செய்த மடிக்கணினியில் லினக்ஸ் போட்டால் வைஃபை வராது, ஒலி வராது, பிறகு பழைய நிலைக்குத் திரும்பவும் முடியாது என்கிறார். யாரை நம்புவது?"

18 அக்டோபர் 2025, இரவு 10.15

தம்பியை நம்புங்கள், அக்கா. நண்பர் சொல்வது பொய்யன்று. சில மடிக்கணினிகளில் அப்படி நடக்கத்தான் செய்யும். ஆனால் எந்த மடிக்கணினி என்று கேட்காமல் அப்படிச் சொல்லிவிடக் கூடாது. லினக்ஸ் ஒழுங்காக ஓடுமா என்பதை, அதன் வெளியீடுகளில் உபுண்டுவா ஃபெடோராவா என்ற தேர்வு தீர்மானிப்பதில்லை. உள்ளே இருக்கும் வைஃபை சில்லு எது, வட்டு எந்த முறையில் இணைந்திருக்கிறது, மூடியை மூடினால் ஃபர்ம்வேர் (மடிக்கணினிக்குள்ளேயே பதிந்திருக்கும் அடிப்படை நிரல்) என்ன செய்கிறது, கேமரா எந்த வழியாக வருகிறது: இந்த நான்கும்தான் தீர்மானிக்கின்றன. கடைக்காரர்கள் ராம் எவ்வளவு, வட்டு எவ்வளவு என்று சொல்வார்கள். இந்த நான்கைப் பற்றி வாய் திறக்க மாட்டார்கள்.

உங்கள் மகளின் மடிக்கணினிக்கு வலிமைக் குறைவு எதுவும் இல்லை. 2021 அக்டோபரில் விண்டோஸ் 11 வந்தபோது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புக் கூறு வேண்டும், செயலி பெரும்பாலும் இன்டெல் எட்டாம் தலைமுறையாவது வேண்டும் என்று எல்லை வகுத்தார்கள். ஏழாம் தலைமுறை மடிக்கணினிகள் பலவற்றில் டிபிஎம் 2.0 இருக்கிறது. செயலியின் பெயர் பட்டியலில் இல்லை, அவ்வளவுதான். உபுண்டு, மின்ட், டெபியன் எதுவும் அந்தச் செயலியில் தாராளமாக ஓடும்.

இன்னொன்று. வீட்டுப் பயனர்களுக்கு விண்டோஸ் 10-இன் பாதுகாப்புப் புதுப்பிப்புகளை 2026 அக்டோபர் 13 வரை நீட்டித்துக்கொள்ள வழி இருக்கிறது. அதில் பதிவு செய்துவிட்டு நிதானமாக முடிவெடுங்கள். தீபாவளி வாரத்தில் அவசரப்பட்டு இரண்டாயிரம் ரிங்கிட் செலவழிக்காதீர்கள்.

நான் பட்டர்வொர்த்தில் இருக்கிறேன். பழைய மடிக்கணினிகளை வாங்கிச் சரிசெய்து, லினக்ஸ் ஏற்றி, தெரிந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கொடுப்பது பல ஆண்டுப் பழக்கம். கைபட்ட மடிக்கணினிகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

19 அக்டோபர் 2025, காலை

எதையும் அழிப்பதற்கு முன் ஒரு வேலை. விண்டோஸ் அமைப்புகளில் "சாதனக் குறியாக்கம்" இயங்குகிறதா என்று பாருங்கள். இயங்கினால் 48 இலக்க மீட்புக் குறியீட்டைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கோடு தொடங்கிய மடிக்கணினிகளில் பிட்லாக்கர் என்ற இந்தக் குறியாக்கம் உரிமையாளருக்கே தெரியாமல் இயங்கிக்கொண்டிருக்கும். பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் ஃபர்ம்வேர் அமைப்புப் பக்கத்தில்) ஏதாவது ஒன்றை மாற்றியவுடன் அந்தக் குறியீட்டைக் கேட்கலாம். தராவிட்டால் படங்கள், பாடங்கள் எதுவும் கிடைக்காது. "பழைய நிலைக்குத் திரும்ப முடியாது" என்று நண்பர் சொன்ன கதை பெரும்பாலும் இப்படித்தான் பிறக்கிறது.

பிறகு பென்டிரைவில் லினக்ஸை எழுதி, நிறுவாமல் அதிலிருந்தே ஓட்டிப் பாருங்கள். வைஃபை, ஒலி, கேமரா, திரை வெளிச்சம், மூடியை மூடித் திறப்பது என எல்லாவற்றையும் சோதியுங்கள். வட்டில் ஒரு எழுத்தும் மாறாது.

21 அக்டோபர் 2025, இரவு

வீட்டில் விருந்தாளிகள் போன பிறகு இப்போதுதான் உட்கார்ந்தேன். ஈப்போ நண்பர் கேட்டிருக்கிறார்: பென்டிரைவிலிருந்து எல்லாம் வேலை செய்கிறது, ஆனால் நிறுவும்போது வட்டே தெரியவில்லை, வட்டு கெட்டுவிட்டதா?

கெடவில்லை, ஐயா. தொழிற்சாலையிலிருந்து வரும்போதே இன்டெல் ஆர்எஸ்டி என்ற வட்டு இணைப்பு முறையில், பயாஸில் "ரெய்டு" என்று காட்டும்படி அமைத்து அனுப்பியிருக்கிறார்கள். ஒரே ஒரு வட்டு உள்ள மடிக்கணினிக்கு, பல வட்டுகளை ஒன்றாகச் சேர்க்கும் ரெய்டு எதற்கு என்று கேட்டால் நியாயமான விடை கிடையாது. அந்த முறையில் என்விஎம்இ வகை வட்டு, சாட்டா என்ற பழைய வகைக் கட்டுப்படுத்திக்குப் பின்னால் மறைக்கப்படுகிறது. விண்டோஸில் அதற்கென இன்டெல் இயக்கி (வன்பொருளை இயக்கும் நிரல்) இருப்பதால் தெரிகிறது. லினக்ஸின் மைய நிரலான கெர்னல் அந்த மறைப்பை ஏற்கவில்லை. பயாஸில் ஏஎச்சிஐ என்ற வழக்கமான முறைக்கு மாற்றினால் வட்டு உடனே வந்துவிடும்.

விண்டோஸையும் வைத்துக்கொள்ள விரும்பினால் வரிசை முக்கியம். முதலில் விண்டோஸை அடுத்த முறை பாதுகாப்பு நிலையில் (சேஃப் மோட்) தொடங்கும்படி அமையுங்கள். பிறகு பயாஸில் ஏஎச்சிஐக்கு மாற்றுங்கள். விண்டோஸ் பாதுகாப்பு நிலையில் எழுந்து, சரியான இயக்கியைத் தானே எடுத்துக்கொள்ளும். அதன் பிறகு பாதுகாப்பு நிலையை நீக்கிவிடலாம். நேரடியாக மாற்றினால் நீலத் திரை வரும். மீண்டும் ரெய்டுக்கே திருப்பினால் பழையபடி எழுந்துகொள்ளும் என்பதால் பயப்பட வேண்டாம்.

11-ஆம் தலைமுறையிலிருந்து இதே வேலையை விஎம்டி என்ற பெயரில் செய்கிறார்கள். அதற்குக் கெர்னலில் இயக்கி இருப்பதால் புதிய நிறுவிகளில் பெரும்பாலும் வட்டு தெரிகிறது. தெரியாவிட்டால் பயாஸில் விஎம்டியை அணைக்க வேண்டும். ஏசர் மாடல்கள் சிலவற்றில் அந்த வரியே பயாஸில் தென்படாது. முதன்மைப் பக்கத்தில் நின்று கன்ட்ரோல் விசையையும் எஸ் விசையையும் சேர்த்து அழுத்தினால்தான் வரும். எத்தனை பேர் இதைத் தெரியாமல் நல்ல வட்டைக் கழற்றிப் போட்டிருப்பார்களோ என்று நினைக்கும்போது மனம் வலிக்கிறது.

22 அக்டோபர் 2025

ஈப்போ நண்பரின் வட்டு தெரிந்துவிட்டதாம். மகிழ்ச்சி.

2 நவம்பர் 2025

பிரிக்பீல்ட்ஸ் தம்பி லோ யாட் பிளாசாவில் பழைய மேக்புக் ஏர் ஒன்றை மலிவாகப் பார்த்திருக்கிறார், 2015 மாடல். "விண்டோஸுக்கான மடிக்கணினியைப் பற்றியே பேசுகிறீர்கள், ஆப்பிள் என்றால்?" என்று கேட்கிறார். இது விரிவாகப் பேச வேண்டிய விஷயம்.

மேக்புக்குகளை ஆண்டு வாரியாகப் பிரித்துப் பார்த்தால்தான் புரியும். 2013 முதல் 2017 வரையிலான ஏர் மாடல்களில் பிராட்காம் பிசிஎம்4360 என்ற வைஃபை சில்லு. கெர்னலில் அதற்குத் திறந்த இயக்கி, அதாவது மூல நிரல் பொதுவில் உள்ள இயக்கி, இல்லை. பிராட்காம் வெளியிட்ட மூடிய இயக்கியைத்தான் போட வேண்டும். அதன் கடைசிப் பதிப்பு 2015-இல் வந்தது. அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு கெர்னலுக்கும் டெபியன், உபுண்டு, ஃபெடோரா பக்கத்துத் தன்னார்வலர்கள்தான் ஒட்டுப் போட்டு ஓட வைக்கிறார்கள். அவர்கள் உழைப்புக்கு என் வணக்கம். ஆனாலும் கெர்னல் புதுப்பித்த மறுநாள் வைஃபை காணாமல் போன அனுபவம் எனக்கு உண்டு. பள்ளிப் பிள்ளைக்குக் கொடுத்த மடிக்கணினியில் அப்படி நடந்தால் அந்தக் குழந்தை யாரிடம் போகும்? அதனால் அந்த மாடல் வந்தால் மீடியாடெக் எம்டி7612யு சில்லு உள்ள சிறிய யுஎஸ்பி வைஃபை குச்சி ஒன்றைச் சேர்த்தே கொடுக்கிறேன். அதற்கு வேண்டிய இயக்கி கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. குத்தினால் போதும்.

அதே காலத்து ஏரில் கேமராவும் தகராறு. மற்ற மடிக்கணினிகளில் பெரும்பாலும் கேமரா உள்ளுக்குள் யுஎஸ்பி வழியாக இணைந்திருக்கும். இதில் பிசிஐஇ என்ற வேறோர் உள் இணைப்பு வழி. ஆர்வலர்கள் தலைகீழாய் ஆராய்ந்து எழுதிய இயக்கி ஒன்று உண்டு. அதற்கும் மேக் இயக்கியிலிருந்து ஃபர்ம்வேரைப் பிரித்தெடுத்து வைக்க வேண்டும். முடிகிற காரியம்தான். ஆனால் கூகுள் மீட்டில் வகுப்பு இருக்கும் பிள்ளைக்கு அந்த மாடலை நான் பரிந்துரைக்க மாட்டேன். மற்றபடி திரை, விசைப்பலகை, தொடுபலகை மூன்றும் லினக்ஸில் அருமையாக இருக்கும். எழுதுவதற்கு மட்டும் என்றால் தம்பி தாராளமாக வாங்கலாம்.

நிறுவும்போது வைஃபை வராவிட்டால் ஆண்ட்ராய்டு கைப்பேசியை யுஎஸ்பி வடத்தால் இணைத்து அதன் இணையத்தைப் பகிருங்கள். எந்த இயக்கியும் இல்லாமல் பிணையம் வந்துவிடும். அதை வைத்து மற்றதை இறக்கிக்கொள்ளலாம்.

2018 முதல் 2020 வரையிலான இன்டெல் மேக்புக்குகளில் டி2 என்ற ஆப்பிளின் பாதுகாப்புச் சில்லு இருக்கிறது. விசைப்பலகையும் தொடுபலகையுமே அதன் வழியாகத்தான் வருகின்றன. வழக்கமான லினக்ஸ் பென்டிரைவைப் போட்டால் திரை வரும், தட்டினால் எதுவும் நடக்காது. அதற்கென ஒட்டுப் போட்ட கெர்னல்களை ஒரு குழு பராமரிக்கிறது. முதலில் மேக்கின் தொடக்கப் பாதுகாப்புப் பயன்பாட்டுக்குள் போய் பாதுகாப்பைத் தளர்த்தி, வெளி வட்டிலிருந்து தொடங்க அனுமதிக்க வேண்டும். அப்படியெல்லாம் செய்த பிறகும் தூக்கத்திலிருந்து ஒழுங்காக எழுவதில்லை. வாங்காதீர்கள், தம்பி.

ஆப்பிளின் சொந்த எம்1, எம்2 சில்லு மேக்குகளுக்கு அசாஹி லினக்ஸ் என்ற தனித் திட்டம் இருக்கிறது. 2022 மார்ச்சில் முதல் சோதனைப் பதிப்பு, 2023 டிசம்பரில் ஃபெடோரா அசாஹி ரீமிக்ஸ். வரைகலைச் சில்லுக்கு ஆப்பிள் எந்த ஆவணமும் தரவில்லை. அதன் நடத்தையைப் பார்த்துப் பார்த்தே இயக்கி எழுதினார்கள். அதே சமயம் நியாயத்தையும் சொல்ல வேண்டும்: அந்த மேக்குகளில் கையொப்பமிடாத வேறோர் இயங்குதளத்தைத் தொடங்க ஆப்பிளே ஒரு வழியைத் திறந்து வைத்திருக்கிறது. கதவைச் சாத்தவில்லை, சாவியையும் தரவில்லை.

2 நவம்பர் 2025, சற்று நேரம் கழித்து

தம்பி மீண்டும் கேட்கிறார், 2015 மேக்புக் ப்ரோ என்றால்? அதில் வேறு சில்லு, பிசிஎம்43602. அதற்குக் கெர்னலிலேயே திறந்த இயக்கி இருக்கிறது. ஒரே நிறுவனம், ஒரே ஆண்டு, இரண்டு மாடல், இரண்டு விதமான விதி. கேமரா மட்டும் ஏரைப் போலவே.

9 நவம்பர் 2025

தூக்கம். இதைப் பற்றி முதல் நாளே ஒரு வரி எழுதினேன், அது போதாது.

வேலை நிமித்தம் பாயான் லெப்பாஸ் போய்த் திரும்புகிறேன். மூடியை மூடி மடிக்கணினியைப் பையில் வைத்து, பாலத்து நெரிசலைத் தாண்டி வீடு வந்து பையைத் திறந்தால் அனல். மின்கலம் பாதிக்கும் கீழே. அது ஒப்பீட்டளவில் புதிய மாடல். பக்கத்திலேயே வைத்திருக்கும் பழைய எட்டாம் தலைமுறை மடிக்கணினியோ இரவு முழுக்க மூடிக் கிடந்தாலும் காலையில் ஓரிரு சதவீதம்தான் இறங்கியிருக்கும்.

காரணம் ஃபர்ம்வேர். எஸ்3 என்ற பழைய தூக்க முறையில் நினைவகத்தைத் தவிர மற்றவை அணைந்துவிடும். மைக்ரோசாஃப்டின் "நவீன காத்திருப்பு" முறை வந்த பிறகு, மடிக்கணினியும் கைப்பேசி போல் அரைத்தூக்கத்தில் இருக்க வேண்டும் என்று முடிவு செய்து, இன்டெல் 11-ஆம் தலைமுறை வாக்கில் பல உற்பத்தியாளர்கள் எஸ்3-ஐ ஃபர்ம்வேரிலிருந்தே எடுத்துவிட்டார்கள். அரைத்தூக்கத்தில் எல்லாச் சாதனங்களும் ஒத்துழைத்தால்தான் செயலி ஆழமான நிலைக்கு இறங்கும். ஒரு வட்டோ ஒரு அட்டையோ முரண்டு பிடித்தால் போதும், இரவு முழுக்க மின்சாரம் கசியும். விண்டோஸிலும் இந்தக் குறை உண்டு. பையில் சூடாகும் மடிக்கணினி என்று புலம்புகிறவர்கள் அங்கும் ஏராளம்.

உங்கள் மடிக்கணினியில் எது இருக்கிறது என்று அறிய, பென்டிரைவிலிருந்து ஓடும் லினக்ஸிலேயே சிஸ் அடைவுக்குள் பவர், அதற்குள் மெம் ஸ்லீப் என்ற கோப்பைத் (/sys/power/mem_sleep) திறந்து பாருங்கள். "டீப்" (deep) என்ற சொல் இருந்தால் எஸ்3 இருக்கிறது. இல்லாவிட்டால் அரைத்தூக்கம் மட்டுமே. பழைய மடிக்கணினி வாங்கப் போகும்போது கடையிலேயே இதைப் பார்த்துவிடுவேன். கடைக்காரர் முறைத்தாலும் பரவாயில்லை.

உற்பத்தியாளர் மனம் வைத்தால் சரிசெய்ய முடியும் என்பதற்குச் சான்று உண்டு. 2018-இல் வந்த திங்க்பேட் எக்ஸ்1 கார்பன் ஆறாம் தலைமுறை முதலில் எஸ்3 இல்லாமல்தான் வந்தது. பயனர்கள் விடாமல் கேட்டார்கள். லெனோவோ பயாஸ் புதுப்பிப்பு ஒன்றில் தூக்க முறைக்கு "லினக்ஸ்" என்றே ஒரு தெரிவைச் சேர்த்தது. 2020-இல் அதே நிறுவனம் ஃபெடோரா ஏற்றிய திங்க்பேடுகளை விற்கவும் தொடங்கியது. கேட்டதால்தான் கிடைத்தது.

முழு உறக்கநிலைக்கு, அதாவது நினைவகத்தை வட்டில் எழுதிவிட்டு அணைவதற்கு, மாறலாமே என்று ஜொகூர் நண்பர் கேட்கிறார். மாறலாம். ஆனால் செக்யூர் பூட் (நம்பகமான கையொப்பமுள்ள தொடக்க நிரலை மட்டும் ஏற்கும் பாதுகாப்பு) இயங்கும்போது பல லினக்ஸ் வெளியீடுகளில் கெர்னல் தன்னைப் பூட்டிக்கொள்வதால் உறக்கநிலை அனுமதிக்கப்படுவதில்லை. இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

16 நவம்பர் 2025

பட்டர்வொர்த்துக்கு அருகில் தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர் கேட்ட கேள்வி, என் மனத்துக்கு மிக நெருக்கமானது: "லினக்ஸில் தமிழ் எழுத முடியுமா? என் பழைய தேர்வுத்தாள்கள் திறக்குமா?"

முடியும், டீச்சர். ஐபஸ் என்ற உள்ளீட்டு முறையில் எம்17என் தொகுப்பைச் சேர்த்தால் தமிழ்99 விசைப்பலகை வந்துவிடும். நோட்டோ தமிழ் எழுத்துருவைப் போட்டுவிட்டால் திரையில் எழுத்து தெளிவாக இருக்கும். லிப்ரேஆபிஸின் பட்டியல்களையே தமிழில் வைத்துக்கொள்ளலாம். பள்ளியின் டெலிமா கற்றல் தளம் உலாவியில் ஓடுவதால் இயங்குதளம் எதுவானாலும் கவலையில்லை.

பழைய தாள்கள் பற்றி. யூனிக்கோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டியவை என்றால் திறந்தவுடன் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். விண்டோஸிலும் அந்த எழுத்துரு இல்லாவிட்டால் அப்படித்தான் தெரியும். உங்கள் பழைய கணினியிலிருந்து அந்த எழுத்துருக் கோப்பை எடுத்து லினக்ஸில் போட்டால் அப்படியே வாசிக்கலாம். ஆனால் யூனிக்கோடுக்கு மாற்றி வைத்துக்கொள்வதே நல்லது. மாற்றிகள் இலவசமாகக் கிடைக்கின்றன.

தமிழ்க் கணிமையில் நம் நாட்டுக்கு ஒரு பெருமை உண்டு. முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருளைக் கட்டியெழுப்பிய முத்து நெடுமாறன் மலேசியர். அவர் வடிவமைத்த இணைமதி எழுத்துரு 2005-இல் வந்த டைகர் பதிப்பிலிருந்து ஆப்பிளின் இயங்குதளத்திலேயே இருக்கிறது. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுங்கள். நான் மடிக்கணினியைக் கொடுக்கும் முன் தமிழ்99-ஐ அமைத்து, அந்தப் பிள்ளையின் பெயரைத் தமிழில் தட்டிக் காட்டிவிட்டுத்தான் கொடுக்கிறேன்.

17 நவம்பர் 2025

கோலாலம்பூர் வாசகர் ஒருவர் சற்றுக் கோபமாகவே எழுதியிருக்கிறார். விண்டோஸுக்குச் சேர்த்துத்தானே பணம் கொடுத்து வாங்கினோம், எதற்கு இந்த வேலை, நேரம் பணமில்லையா என்கிறார்.

நேரம் பணம்தான், ஐயா. அலுவலகத்தில் விண்டோஸில் மட்டும் ஓடும் கணக்கு மென்பொருளை நம்பி இருப்பவரிடம் நான் லினக்ஸுக்கு மாறச் சொல்ல மாட்டேன். ஆனால் பணம் கொடுத்து வாங்கிய பொருளில் எந்த இயங்குதளம் ஓட வேண்டும் என்பதை வாங்கியவர் தீர்மானிக்க வேண்டும். 2022 முதல் "செக்யூர்டு கோர்" என்ற முத்திரையோடு வரும் மடிக்கணினிகளில், லினக்ஸின் தொடக்க நிரல் நம்பியிருக்கும் மைக்ரோசாஃப்டின் மூன்றாம் தரப்புச் சான்றிதழை அணைத்தே அனுப்புகிறார்கள். பயாஸில் போய் இயக்கினால்தான் பென்டிரைவே எழும். ஒரு வரிதான், மாற்றிவிடலாம். மாற்றத் தெரியாதவருக்கு அதுவே சுவர்.

நம் அரசாங்கமே 2004-இல் பொதுத்துறைக்குத் திறந்த மூல மென்பொருள் பெருந்திட்டம் ஒன்றைத் தொடங்கியது. இது கிறுக்கர்களின் பொழுதுபோக்கு என்று எண்ணிவிடாதீர்கள்.

இன்டெல் 1972 முதல் பினாங்கில் இருக்கிறது. அந்தத் தொழிற்சாலைகளில் வேலை செய்தவர்களின் பேரப்பிள்ளைகள், செயலி பட்டியலில் இல்லை என்பதற்காக நன்றாக ஓடும் மடிக்கணினியைத் தூக்கி எறிவதை என்னால் ஏற்க முடியவில்லை.

30 நவம்பர் 2025

கிள்ளான் அக்காவிடமிருந்து செய்தி. மின்ட் போட்டிருக்கிறார்கள். உள்ளே இன்டெல் வைஃபை, ஒன்றும் செய்யாமலே வந்திருக்கிறது. ஒலியும் கேமராவும் சரி. கைரேகை மட்டும் வேலை செய்யவில்லை. கைரேகை உணரிகளில் எவை இயங்கும் என்பதற்கு லிப்எஃப்பிரிண்ட் திட்டத்தின் பட்டியல் இருக்கிறது. சாதன எண் அதில் இல்லையென்றால் விட்டுவிடுங்கள், அக்கா. கடவுச்சொல் போதும்.

மின்கலம் ஊதியிருக்கிறதா என்று ஒருமுறை அடிப்பலகையைத் தட்டிப் பாருங்கள். நம் ஊர் வெக்கையில் எப்போதும் மின்னேற்றியிலேயே கிடக்கும் மடிக்கணினிகளில் இதை அடிக்கடி பார்க்கிறேன். தொடுபலகை மேலே எழும்பினால் உடனே மாற்றுங்கள், பிள்ளை கையில் கொடுக்காதீர்கள்.

14 டிசம்பர் 2025

புதிதாக வாங்குகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 12-ஆம் தலைமுறையிலிருந்து உயர்விலை மாடல்கள் சிலவற்றில் கேமரா யுஎஸ்பி வழியை விட்டு இன்டெல் ஐபியு6 என்ற படச் செயலி வழிக்கு மாறியிருக்கிறது. அதற்கான அடிப்படை இயக்கி 2024-இல் 6.10 கெர்னலில்தான் சேர்ந்தது. பழைய கெர்னல் உள்ள வெளியீட்டைப் போட்டால் கேமரா இருட்டாகவே இருக்கும். விலை கூடிய மடிக்கணினியில் லினக்ஸும் கூடுதல் நன்றாக ஓடும் என்று நினைப்பது இயல்பு. என் கையில் வந்தவற்றில் அலுவலகங்கள் பயன்படுத்தி விட்ட மூன்று நான்கு வயது திங்க்பேட், லாட்டிட்யூட் வகைகளே குறைந்த தொல்லை தந்தன.

11 ஜனவரி 2026

ஈப்போ நண்பர் ஒரு செய்தியைப் படித்துவிட்டுக் கலங்கியிருக்கிறார்: செக்யூர் பூட்டின் 2011 சான்றிதழ்கள் வரும் ஜூனில் காலாவதியாகின்றன, அதற்குப் பிறகு லினக்ஸ் எழாது என்று.

எழும். ஃபர்ம்வேர் பொதுவாகக் காலாவதித் தேதியைச் சரிபார்ப்பதில்லை. இன்று எழுகிற லினக்ஸ் ஜூலையிலும் எழும். சிக்கல், 2023 சான்றிதழால் மட்டும் கையொப்பமிட்ட தொடக்க நிரல்கள் வரும்போதுதான். புதிய சான்றிதழ் ஏறாத பழைய மடிக்கணினி அவற்றை ஏற்காது. அதற்கு எஃப்டபிள்யூஅப்டி என்ற கருவியை ஓட்டிப் பாருங்கள். அது ஃபர்ம்வேர் புதுப்பிப்புகளோடு இந்தச் சான்றிதழையும் கொண்டு வருகிறது. உற்பத்தியாளர் கைவிட்ட மாடல்களில் எதுவும் கிடைக்காவிட்டால் செக்யூர் பூட்டை அணைத்துவிட்டு ஓட்டலாம்.

விண்டோஸையும் சேர்த்து வைத்திருப்பவர்கள், புதுப்பிக்கும் முன் அந்த 48 இலக்கத் தாள் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். தைப்பூசம் முடியும்வரை எனக்கு நேரமிருக்காது. கேள்விகளை எழுதி வையுங்கள், மாடல் எண்ணையும் வைஃபை சில்லின் பெயரையும் சேர்த்து.